பின்பக்கக் கண்ணாடி

உட்காருங்க தம்பி. அந்த ஸ்டூலில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. உள்ளே உங்கள் அச்சு ஆறுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. நின்று முறைத்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் ஆறிவிடவா போகிறது? டீ வரும், குடித்துவிட்டுத் திறப்போம். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு கிராஃபைட் எரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் உங்கள் சார் எங்கள் சாருக்குப் போன் போடுவார், எங்கள் சார் என்னைக் கூப்பிடுவார். எதற்கு வம்பு?

காலையிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மனிதர், பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே மெஷினுக்குப் பின்னால் போய் அந்தக் கண்ணாடியைத் துடைத்தீர்களே, யார் சொல்லிவிட்டார்கள்?

செல்வியா? நம்ம இசக்கிச்செல்வியா? அட, முதலிலேயே சொல்லக் கூடாதா! “நயினார் அண்ணாச்சியைப் பாருங்க, அவரை மாதிரி மெஷினைப் பார்த்துக்கிற ஆள் கிடையாது” என்று சொன்னாளாக்கும். சொல்லுவாள், சொல்லுவாள். நல்ல பிள்ளைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்பி, போன வருஷம் பூஜையிலிருந்து கார்த்திகை வரைக்கும் அவள் என்னைப் படுத்தின பாடு இருக்கிறதே, அதை நான்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

இந்த மெஷினைப் பற்றி உங்களுக்குத் தெரியும், படித்தவர். இருந்தாலும் சொல்கிறேன், நான் சொல்கிற மாதிரி யாரும் சொல்ல மாட்டார்கள். மாவு போலத் தூள். அதை கிராஃபைட் அச்சுக்குள் கொட்டி, மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. உள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் அமுக்கிக்கொண்டே, அந்தத் தண்டு வழியாக மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினால், அச்சு அப்படியே சிவந்து வெளுத்துப் பழுக்கும். தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். சாதாரண உலையில் ஒரு பகல் முழுக்க வேக வேண்டியது, இதில் நீங்கள் கேண்டீனுக்குப் போய் வடை தின்று வருவதற்குள் முடிந்துவிடும். பெயர்தான் பெத்த பெயர், ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங். உள்ளே பொறியும் கிடையாது பிளாஸ்மாவும் கிடையாது என்று புரொபசர்களுக்குள்ளேயே ஒரு கட்சி. துரைராஜ் சாரிடம் கேட்டேன். “அது இருந்தா என்ன இல்லாட்டா என்ன வே, கல்லு வருதுல்லா” என்றார். எங்கள் துறைத் தலைவர், பெரிய படிப்பாளி. அவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை வந்தபிறகு நாம் என்ன பேச?

இதில் முக்கியம் பின்பக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே நின்று சூடு பார்க்கிற கருவி, கண்ணாடி வழியாக உள்ளே அச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இத்தனை டிகிரி என்று அது சொல்வதை வைத்துத்தான் மெஷின் மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். நாம் கையால் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் அது பார்த்துச் சொல்வதுதான்.

சரி, செல்விக்கு வருகிறேன். அவளுக்கு ஒரு பிடிவாதம். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பீங்கான் செய்ய வேண்டும். கண்ணாடி என்றால் கல்லால் அடித்தால் உடையும். இது குண்டு பட்டாலும் உடையாதாம், ராணுவ வண்டி ஜன்னலுக்கு ஆகுமாம். ஒரு பொத்தான் அளவு வில்லை போதும். அது மட்டும் தெளிவாக வந்துவிட்டால் அவள் ஆராய்ச்சி முடிந்தது. அதோடு டிசம்பரில் ஹைதராபாத்தில் பெரிய மாநாடு. எங்கள் துறையிலிருந்து ஒரே ஆள்தான் போகலாம். தெளிவான வில்லை இருந்தால் அவள்தான் போவாள் என்று துரைராஜ் சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

இதில் என்ன விஷயமென்றால், பிள்ளை அப்போது முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் அவள் அம்மா சங்கரன்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். போனால் குழந்தை பிறந்து, அது குப்புற விழுந்து, தவழ்ந்து, எப்போது திரும்பி வர? வளைகாப்புக்குள் வில்லை வர வேண்டும். ஹைதராபாத்துக்கு மட்டும் போய்விட்டு வந்து படுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் பேசி வைத்திருந்தாள். அதற்காகவே மற்றவர்களெல்லாம் அந்த மாதம் மெஷினை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

பூஜைக்கு முந்தின வாரம் ஒரு வில்லை எடுத்தாள் பாருங்க, முக்கால்வாசி தெளிவு. உங்களுக்குத் தெரிந்திருக்குமே, மெஷினிலிருந்து வரும்போது கரி ஏறி மங்கலாகத்தான் வரும். தேய்த்து, சாதாரண உலையில் காற்றுப் பட வைத்து எடுத்தால்தான் வெளுக்கும். வெளுத்து வந்ததை என் கையில் தந்து, “இன்னும் ஒரே ஒரு தட்டு தட்டினா வந்துரும் அண்ணாச்சி” என்றாள். எனக்கும் சந்தோஷம்தான்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

பூஜை இந்த அறையில் என் பொறுப்பு. காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் சாமி காரியத்தில் பெர்மனன்ட். மெஷினைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, மாலை போட்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வோர் இடமாக என் கையாலேயே பொட்டு வைப்பேன். கதவுக்கு, பம்புக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, மின்சாரப் பெட்டிக்கு. துரைராஜ் சார் வேதக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் பூஜைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், பொரிகடலை என்றால் அவருக்கு உயிர். “வே நயினார், கம்ப்யூட்டர் திரையில மட்டும் பூசிராதயும்” என்று அவர் சொன்னது அந்த ஒன்றுதான். திரையில் நான் வைக்கவில்லை. பின்னால் போனேன். அந்த வட்டக் கண்ணாடி மொழுமொழுவென்று, குளித்துவிட்டு வெறும் நெற்றியோடு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. நடுவில் நல்லதாக ஒன்று வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். அழகு தம்பி! மறுநாள் மெஷின் ஓட்டும் முன்னே துணியால் லேசாக ஒற்றியும் எடுத்துவிட்டேன். அழுத்தித் துடைக்கக் கூடாது. சாமிக்கு வைத்ததை அப்படி வழித்து எடுப்பது மரியாதையில்லை. லேசாக ஒரு மஞ்சள் பூச்சு இருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும், உதிர்கிறபோது உதிரட்டும்.

பூஜை முடிந்து முதல் வில்லை போட்டாள். பால் மாதிரி வந்தது. உலையில் வைத்தும் பால்தான். அடுத்தது அச்சோடு ஒட்டிக்கொண்டு, உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்தது வெடித்தே வந்தது. பிள்ளை முகம் செத்துவிட்டது. திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, எத்தனை டிகிரி வேண்டுமோ அத்தனை டிகிரி. அப்படியென்றால் கோளாறு எங்கே? தூளில்தானே? இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டுமா?

“தூளை நல்லா பாத்தியாம்மா?” என்று கேட்டேன்.

“பழைய தூள்தான் அண்ணாச்சி. அதே டப்பா.”

“மாசமா இருக்கவங்களுக்குக் கொஞ்சம் மறதி வரும். எங்க வீட்டுக்காரி மூத்தவன் வயித்துல இருக்கும்போது சாம்பார்ல புளிக்குப் பதிலா வெல்லத்தக் கரைச்சுட்டா.”

“நல்லா இருந்துச்சா?”

“நான் சாப்பிட்டேன். மாமனார்தான் எழுந்து போயிட்டார்.”

சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள். இன்னும் இரண்டு வில்லை கெட்டபிறகு அதுவும் நின்றது. “மெஷின்ல ஏதோ மாறியிருக்கு அண்ணாச்சி” என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மெஷினில் மாறியிருக்கிறது என்றால் யார் மாற்றினார்கள்? இந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? சொல்லுங்க. நானும் விடவில்லை. “என் மெஷின்ல ஒண்ணும் மாறலம்மா, உன் தூளைப் பாரு” என்றேன். “என் தூள்ல ஒண்ணும் இல்ல, உங்க மெஷினைப் பாருங்க” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே கேண்டீனில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

விஷயம் துரைராஜ் சார் காதுக்குப் போனது. இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற பேப்பரும் அவர் மேஜையில் கிடந்தது. வருஷா வருஷம் அது கார்த்திகையில்தான் வரும்.

“இங்க பாரும் நயினார். அச்சு எத்தன உடைஞ்சிருக்குன்னு மேல கேக்காவ. தூள் கோளாறுன்னா செல்வி பொறுப்பு. மெஷின் கோளாறுன்னா நீரு பொறுப்பு, நான் ஒண்ணும் செய்ய முடியாது, வேற ஆளைப் போடச் சொல்லுவாவ. ரெண்டுல ஒண்ணு திங்கக்கிழமை எனக்குத் தெரியணும். ஹைதராபாத்துக்கு யார் பேரைக் கொடுக்கன்னும் அன்னைக்கே முடிவு பண்ணணும்.”

வெளியே வந்ததும் செல்வி என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, உங்க ரெண்டாவது பையன் என்ன படிக்கான்?” என்று கேட்டாள். என்ன சம்பந்தம், சொல்லுங்க? பன்னிரண்டாவது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இது திருஷ்டி. முக்கால்வாசி தெளிவான வில்லையை அவள் ஒவ்வொருவருக்காகக் காட்டிக்கொண்டு திரிந்தாளே, எத்தனை பேர் கண் பட்டிருக்கும்? மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து மெஷினைச் சுற்றினேன். சுற்றிப் பின்பக்கம் போனால், அங்கே செல்வி! வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. துடைத்தாள், பஞ்சைப் பார்த்தாள். இன்னொரு தடவை துடைத்தாள், மோந்து பார்த்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் தம்பி. நான் பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன், சாமி நம்பிக்கையைக் கேலி பண்ணிவிடுவாளோ என்று.

“என்னம்மா?”

“கண்ணாடி மங்கியிருந்திருக்கு அண்ணாச்சி. உள்ள இருக்க சூடு முழுசாத் தெரியாம, பத்தல பத்தலன்னு நெனச்சு மெஷின் கரண்டைக் கூட்டிக்கிட்டே போயிருக்கு. திரையில ஒரு சூடு, உள்ள வேற சூடு.”

“எப்படி மங்குச்சு?”

பஞ்சைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். “தூசி” என்றாள்.

பார்த்தீர்களா! பெருக்குகிற அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பின்பக்கமும் ஒரு துணி போடு, பின்பக்கமும் ஒரு துணி போடு என்று. கேட்டால்தானே.

நான் பழத்தை நசுக்கி வாசலில் போட்டுவிட்டு வந்தேன். அவள் உடனே ஒரு வில்லை போட்டாள். சனிக்கிழமை அதை உலையிலிருந்து எடுத்து என் மேஜைக்கு வந்தாள். நாள்காட்டித் தாளின் மேல் வைத்தாள். ராசிபலன் அப்படியே தெரிகிறது! “அண்ணாச்சி, உங்க ராசிக்கு என்ன போட்டிருக்கு, வாசிங்க” என்றாள். “ஆதாயம்” என்று போட்டிருந்தது. வில்லை வழியாகவே வாசித்தேன், ஓர் எழுத்துகூட நெளியவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சுற்றின கையோடு பலித்துவிட்டதே! அந்தப் பழம் ஊற்றாங்கால் அம்மன் கோயிலில் பூஜையில் வைத்த பழம், சாதாரணக் கடைப் பழம் இல்லை. கெட்டதிலும் ஒரு நல்லது, சார் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது, தூசி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சார் அறை. பெருக்குகிற அம்மாவை எப்படிச் சொல்வது, சொன்னால் கண்ணாடி உன் பொறுப்புத்தானே என்று என்னைத்தானே கேட்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே செல்வி முந்திக்கொண்டாள்.

“தூள்தான் சார். ஈரம் வாங்கியிருந்துச்சு. காய வைக்காமப் போட்டுட்டேன். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. அண்ணாச்சி அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கல.”

தம்பி, எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்தது. அத்தனை நாள் சண்டை போட்டாளே, கடைசியில் ஒத்துக்கொண்டாளா இல்லையா? என்னிடம் தூசி என்றாள், சாரிடம் தூள் என்கிறாள், ஒரு பேச்சில் நிற்கத் தெரியவில்லை. ஆனால் நான் எதற்கு இடையில் புகுந்து திருத்த? படித்த பிள்ளை சொன்னால் காரணம் இருக்கும். அவள் தூளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

துரைராஜ் சார் பிடித்துக்கொண்டார். “நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணினவ தூளைக் காய வைக்கணும்னு தெரியாதா? எத்தன அச்சு! ஒரு நல்ல வில்லைய வச்சுக்கிட்டு நான் மேல என்ன பதில் சொல்லுவேன்?” என்று வெளியே வராண்டா வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஹைதராபாத்துக்கு அவள் பெயர் போகவில்லை. வேறொரு பையன் போனான், ஏதோ தாமிரத்தூள் பண்ணுகிறவன். சார் அந்த மேஜையிலேயே என் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். “உம்ம மேல சந்தேகப்பட்டுட்டேன் வே” என்று வேறு சொன்னார். பெரிய மனுஷன்.

ஹைதராபாத்தை நினைத்து அவள் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பாள். ஆனால் நீங்களே சொல்லுங்க, வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு தூரம் ரயிலில் ஆடிக்கொண்டு போக வேண்டுமா? எல்லாம் நல்லதுக்குத்தான். நான் அவளிடம் போய், “போனது போகட்டும்மா, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல, தப்பு எல்லாருக்கும் வரும்” என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “சரி அண்ணாச்சி” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வீக்கம், பாவம், நிற்க முடியவில்லை போல.

வளைகாப்புக்குப் போயிருந்தேன். நானும் வீட்டுக்காரியும். கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போனோம். அவள் அம்மாவிடம் என்னைக் காட்டி, “இவங்கதாம்மா நயினார் அண்ணாச்சி” என்றாள். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓ, இவங்கதானா” என்றார்கள். வீட்டில் நம்மைப் பற்றி எவ்வளவு பேசியிருந்தால் அப்படிக் கேட்பார்கள்! பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. மூக்கு முழி எல்லாம் செல்வி.

டீ வந்துவிட்டது, எடுத்துக்குங்க. சீனி போதுமா?

இந்த வருஷப் பூஜை போன வாரம் நடந்தது. காலையில் சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஆட்டோ. பார்த்தால் செல்வி, இடுப்பில் பிள்ளை. சங்கரன்கோவிலிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மெஷின் பூஜைக்கு வருவார்களா? என்ன பக்தி! வந்ததும் பிள்ளையைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். “இந்த வருஷம் பொட்டு நான் வைக்கேன் அண்ணாச்சி. நீங்க பிள்ளைய வச்சுக்கிடுங்க.”

சரி, ஆசைப்படுகிறாள் என்று விட்டேன். கதவுக்கு வைத்தாள், பம்புக்கு வைத்தாள், குழாய்க்கு வைத்தாள். பின்னால் போனாள், கண்ணாடியை மட்டும் வெறுமனே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். மறதிதான். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வருஷம் அப்படித்தான் இருக்கும். நான் பிள்ளையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் கையிலிருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, பின்னால் போய்க் கையை நீட்டினேன். ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள் தம்பி. நல்ல பிடி.

“அங்க வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏம்மா, வெறும் நெத்தியா இருக்கே.”

அவள் பிடித்த கையை விடாமல் அப்படியே திருப்பி, என் தோளில் கிடந்த பிள்ளை பக்கம் கொண்டுபோனாள். “இந்த நெத்தியும் வெறுமையாத்தான் இருக்கு. இவளுக்கு வைங்க. உங்க கையால வைங்க” என்றாள். வைத்தேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரிக்கிறது. துரைராஜ் சார் பொரியை வாயில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்காமல் இல்லை. கண்ணாடிக்கு வைக்க மறந்துவிட்டாள்; நான் கண்டுபிடித்ததும் அதை ஒத்துக்கொள்ள வெட்கம், அதனால் பிள்ளையை நடுவில் கொண்டுவந்து சமாளித்துவிட்டாள். அன்றைக்குத் தூளில் தப்புப் பண்ணினவள்தானே. சொல்லிக்காட்டியிருக்கலாம். எத்தனை பேர் முன்னால், துரைராஜ் சாரும் நிற்கிறார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செல்வி முகம் சுண்டிப்போயிருக்கும்.

நான் சொல்லவில்லை. போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒருத்தர் மேல் பிரியம் இருந்தால் அதுகூடச் செய்ய மாட்டோமா, என்ன தம்பி?